கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் கூடுகைகளில் தமிழ்: சொல்லாக்கமும் பேச்சுநடையும்

கணினித் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம், சொற்பிழைத் திருத்தி என்னும் கருவிகளையே பேசுகின்றன. அக்கருவிகளை உருவாக்கியும் பயன்படுத்தியும் வருவோர் தம்முள் கூடிப் பேசும் தமிழ் ஆய்வுப்பொருளாகக் கொள்ளப்பட்டது குறைவு. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியில் தொடங்கிற்று. திங்கள்தோறும் இரண்டாம் சனிக்கிழமை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் கூடுவது அதன் நெடுநாள் வழக்கமாக இருந்தது. அவ்வாண்டுப் பொங்கலன்றே மதுரைத் திட்டமும் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைத் தரத்தை வகுத்தது. பின்னிரண்டும் தமிழாய்வு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. முன்னது பொறியாளர் பொழுதுபோக்கு என விடப்பட்டது. காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய ஊர்களில் பின்னர் எழுந்த குழுக்களுக்கும் இதே நிலைதான்.

கூடுகையின் அமைப்பு எளியது. ஒருவர் தமது கணினியைத் திரையுடன் இணைத்து ஒரு மென்பொருளை இயக்கிக் காட்டுவார். கேட்போர் இடைமறித்து வினவுவர். பேச்சாளர் அறியாததை அவையில் வேறொருவர் விளக்குவார். இதனைச் சங்க அவையோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வது எளிது. அவ்வொப்பீட்டால் விளங்குவது ஒன்றுமில்லை. ஆராயத்தக்கது அங்கு வழங்கும் மொழியே.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஃபிரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிக்கும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த காலந்தொட்டு இம்மயக்கத்தை விலக்குவதற்கே அவ்வியக்கத்தார் மிகுதியாகப் பேச வேண்டியிருந்தது. தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு. அரசு 2011இல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியபோது ‘விலையில்லா’ என்னும் மூன்றாவது அடைமொழியும் வழக்கிற்கு வந்தது. அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தமையால், விலையில்லாப் பொருளொன்றில் கட்டற்ற மென்பொருள் ஒன்று அமர்ந்திருந்தது எனலாம். ஆங்கிலத்தில் இத்தொடரைச் சொல்ல முயல்வோர் இடறுவர்.

எனினும் ‘கட்டற்ற’ என்பது குறையற்ற ஆக்கம் அன்று. ‘கட்டற்ற வன்முறை’, ‘கட்டற்ற நுகர்வு’ எனப் பொதுவழக்கில் அச்சொல் வரம்பு மீறலையே பெரிதும் சுட்டுகிறது. அதனினும் முதன்மையானது பொருட்குறை. பொதுமக்கள் உரிமம் எனப்படும் ஜி.பி.எல். உரிமத்தின் உயிர்நிலையே ஒரு கட்டுதான். மென்பொருளை மாற்றிப் பிறர்க்கு வழங்குவோர், மாற்றிய மூல நிரலையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கக் கடமைப்பட்டவர். ‘கட்டற்ற’ என்னும் சொல் இக்கடமையை மறைக்கிறது. புதியவர் ஒருவர் ‘எதை வேண்டுமானாலும் செய்யலாமா’ என்று வினவுவதற்கு அச்சொல்லே வழிவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என அழைத்துக்கொள்வதால் சொல் நிலைபெற்றுவிட்டது, இனி மாற்றுவதற்கில்லை. பொருளை விளக்கும் பொறுப்பு மட்டும் எஞ்சியுள்ளது.

‘திறமூலம்’ வேறுவகைச் சிக்கல் உடையது. ஆக்கியோர் கருத்துப்படி அது வினைத்தொகை: திறந்த மூலம், திறக்கின்ற மூலம், திறக்கும் மூலம். காலம் கரந்த இவ்வமைப்பு, திறப்பு ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று என்னும் கருத்துக்கு மிகப் பொருந்தும். ஆயின் ‘திறம்’ என்னும் பெயர் மகரம் கெட்டு ‘மூலம்’ என்பதோடு புணர்ந்தாலும் ‘திறமூலம்’ என்றே வரும். இயக்கத்தோடு பழகாதவர் இதனைத் ‘திறமையின் மூலம்’ எனக் கொள்வதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. கலைச்சொல் மயக்கமற இருத்தல் வேண்டும் என்னும் அளவுகோலால் நோக்கின் ‘திறந்த மூலம்’ எனப் பெயரெச்சமாகவே விட்டிருக்கலாம். சுருக்கத்தின்மீது கொண்ட பற்று தெளிவை விலையாகக் கேட்டிருக்கிறது.

இவற்றிற்கு மாறாக, ‘வழு’ மிகச் சிறந்த தேர்வு. நிரலிலுள்ள பிழையைக் குறிக்க இயக்கத்தார் எடுத்தாண்ட இச்சொல், வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் இலக்கண மரபின் முழுத் தொகுதியையும் உடன்கொண்டு வருகிறது. பிழையென அறிந்தும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படும் நிரற்குறையை ‘வழுவமைதி’ என வழங்கினால் எத்துணைப் பொருந்தும் என்பதை மென்பொருளாளர் உடனே உணர்வர்.

பேச்சுநடை

கூடுகையின் வாய்மொழியில் இச்சொற்கள் அரிதாகவே ஒலிக்கின்றன. அங்கு வழங்குவது கலப்புத் தமிழ். ‘நேத்து கம்பைல் பண்ணேன், ஆகல’ என்பது போன்ற தொடர்களை எந்தக் கூடுகையிலும் கேட்கலாம். தூய்மை நோக்கினர் இதனைத் தமிழின் தேய்வாகவே காண்பர். நுணுகி நோக்கின் நிலைமை வேறு.

ஆங்கிலத்தில் ‘கம்பைல்’ என்னும் ஒரே வினை, மனிதர் செய்வதற்கும் நிரல் தானே அந்நிலை எய்துவதற்கும் வடிவ மாற்றமின்றி வரும். கலப்புத் தமிழ் இவ்விரண்டையும் கண்டிப்பாகப் பிரிக்கிறது. ‘பண்ணு’ சேர்ந்தால் செயப்படுபொருள் குன்றா வினை. ‘ஆகு’ சேர்ந்தால் குன்றிய வினை. ‘இன்ஸ்டால் பண்ணல’ என்றால் குறை பயனருடையது. ‘இன்ஸ்டால் ஆகல’ என்றால் பயனர் தம் பங்கைச் செய்துவிட்டார். குறை எந்திரத்திடமோ நிரலிடமோ உள்ளது. உதவி கேட்டு வருவோரின் முதல் வாக்கியத்திலேயே பொறுப்பு இருக்குமிடம் தெரிந்துவிடுகிறது. ‘ஹேங் ஆயிடுச்சு’, ‘அப்டேட் ஆகுது’, ‘டெலீட் பண்ணிட்டேன்’ எனத் துணைவினைகளும் சேரும்போது, நிகழ்வின் முடிவும் பேசுவோரின் மனநிலையும் ஒருங்கே புலனாகின்றன. கடன்பெற்றது பெயர்ப்பகுதி மட்டுமே. வினையமைப்பு முழுமையும் தமிழினுடையது.

எழுத்துத் தமிழுக்கு வரும்போது இவ்வேறுபாடு சிதைகிறது. ‘நிறுவு’ குன்றா வினை. அதன் மறுதலையைச் சொல்ல ‘நிறுவப்படவில்லை’ எனச் செயப்பாட்டுவினைக்குப் போக வேண்டியுள்ளது. செயப்பாட்டுவினையோ செய்தவர் ஒருவர் உண்டு என்பதைத் தன்னுள் வைத்திருப்பது. யாரால் நிறுவப்படவில்லை என்னும் வினா அங்கே தொக்கி நிற்கிறது. மென்பொருள் இடைமுகங்களில் ‘கோப்பு சேமிக்கப்படவில்லை’ எனத் திரையில் தோன்றும் அறிவிப்பைக் கண்டு, தாம் சேமிக்கத் தவறினோமா, கணினி தவறிற்றா எனப் பயனர் தடுமாறுவதற்கு இதுவே காரணம். ஏவலிலோ இத்தகைய குழப்பம் இல்லை. பயனர் எந்திரத்தை ஏவும் பொத்தானில் ‘சேமி’ என்பதும், எந்திரம் பயனரை வேண்டும் இடத்தில் ‘உள்ளிடவும்’ என்பதும் தக்க மரியாதை வேறுபாட்டோடு அமைகின்றன.

2012 ஜனவரி முதல் வெளிவந்த கணியம் இதழும், து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ எனத் தொடங்கும் நூல்களும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட இவ்வெளியில்தான் இயங்குகின்றன. கட்டளைகள் உரோமன் எழுத்தில் மாறாது நிற்க, அவற்றைச் சூழ்ந்த விளக்கம் தமிழில் நடக்கிறது. இவ்வுரைநடையைக் கலைச்சொற்களின் எண்ணிக்கை கொண்டு மதிப்பிடுவது போதாது. வினைகள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதே அதன் தரத்தைக் காட்டும்.

கலப்புத் தொடரைத் திருத்த முனைவோர் ‘இன்ஸ்டால் ஆகல’ என்பதை முழுமையாக நீக்கி ‘நிறுவப்படவில்லை’ என எழுதுகின்றனர். ஆங்கிலப் பெயரோடு தமிழ் வினையும் சேர்ந்தே வெளியேற்றப்படுகிறது. மாற்ற வேண்டியது முற்பகுதி மட்டுமே. ‘நிறுவல் ஆகவில்லை’, ‘சேமிப்பு ஆயிற்று’, ‘தொகுப்பு ஆகிக்கொண்டிருக்கிறது’ என எழுதுவதில் மரபுக்கு முரணானது ஏதுமில்லை. கூடுகைக்கு வருவோர் பல்லாண்டுகளாக அந்த ‘ஆகு’ வினையைப் பிழையின்றி ஆண்டு வருகின்றனர். இடைமுகத்தை மொழிபெயர்ப்போரில் பலர் அவர்களுள் இருந்தே வருகின்றனர். பேசும்போது கொண்டுள்ள அவ்வேறுபாட்டை எழுத அமரும்போது அவர்கள் கைவிடுவது எதனால் என்பது, கூடுகைகளின் உரைகள் ஒலிப்பதிவாகத் திரட்டப்பட்டு, அதே ஆட்களின் எழுத்தோடு வைத்து ஒப்பிடப்படும்போதே துலங்கும்.