எழிலின் தொடரியலும் புவியறிவியல் மாணவரின் தேவையும்

தமிழ்ச் சொற்களைக் கொண்டே கணினி நிரல் எழுத இயலும் என்பதை மெய்ப்பித்துக் காட்டியது 'எழில்' நிரல்மொழி. டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த முத்து அண்ணாமலை 2009இல் இதனை அறிமுகக் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் இது திறமூல மென்பொருளாக வளர்ந்தது. எழிலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாராட்டாகவே நின்றுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட துறை மாணவர் முதன்முதலாக நிரலாக்கம் கற்கும்போது அது எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. புவியறிவியல் மாணவரை முன்னிறுத்தி அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழிலின் தலையாய சிறப்பு அதன் தொடரமைப்பு. ஆங்கிலவழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலில் '@( மழை > 100 ) ஆனால்' என நிபந்தனை முன்வந்து, அதனை முடிக்கும் சொல் பின்வருகிறது. பெயரும் வினையும் முடிந்தபின் இடைச்சொல் ஏற்கும் தமிழின் இயல்பை இது மதிக்கிறது. 'வரை' என்பதும் அவ்வாறே பொருந்துகிறது. 'இல்லை' என்ற சொல்லாட்சி மட்டும் நெருடுகிறது. மறுப்பைக் குறிக்கும் அச்சொல் மாற்றுவழியையும் சுட்ட நேர்வதால், 'இல்லையேல்' என்றிருப்பின் ஐயம் எழாது. எனினும் இவை சிறு குறைகளே. சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்த முயற்சியாக எழிலைக் கருதுவோர் அதன் இலக்கணத்தைக் கூர்ந்து நோக்கவில்லை எனலாம்.

ஆனால் புவியறிவியல் மாணவர் தடுக்கி விழும் இடம் கட்டளைச் சொல் அன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் புவி, கோள் அறிவியல் துறை 'பைஎர்த்' என்ற அறிமுகப் பாடத்தை நடத்துகிறது. நிலநடுக்கம், எல் நினோ போன்ற நிகழ்வுகளின் உண்மையான அளவீடுகளைப் பைத்தான் மொழியிலும் ஜூப்பிட்டர் நோட்புக்கிலும் கையாண்டு, நிகழ்தகவு முறையில் முன்கணிப்பு செய்வது வரை அப்பாடம் மாணவரை அழைத்துச் செல்கிறது. அங்கு நிரல் தனித்துக் கற்கப்படுவதில்லை. தரவு எழுப்பும் வினாவுக்கு விடை தேடும்போதே அதுவும் கைவருகிறது. வணக்கம் அச்சிடுதல், தொடர்பெருக்கம் காணுதல் போன்ற பொதுப் பயிற்சிகளோடு எழில் பாடங்களை இதனருகில் வைத்துப் பார்த்தால் இடைவெளி புலப்படும்.

இவ்விடைவெளியின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைக் குலுக்கிய லோமா பிரீட்டா நிலநடுக்கம் 1989 அக்டோபர் 17 மாலை 5.04க்கு நிகழ்ந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியல் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுவதால் அதில் காணப்படும் நாள் அக்டோபர் 18. அக்டோபர் 17க்குரிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் மாணவரின் நிரல் பிழையின்றி இயங்கும். பெருநடுக்கம் மட்டும் விடையில் இராது. அம்மாணவர் நிரலை எம்மொழியில் எழுதியிருந்தாலும் விளைவு இதுவே.

சென்னை மழைக்கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள் மழையைக் காலை 8.30 தொடங்கி மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. 2015 டிசம்பர் 2ஆம் நாளுக்கெனப் பதிவான நுங்கம்பாக்கத்தின் 29 செ.மீ., தாம்பரத்தின் 49 செ.மீ. ஆகியவற்றில் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று பெய்த மழை. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. அத்தகைய ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை மிகும் போக்கு உண்டு. ஆகவே பெர்க்கிலி மாணவர் கலிபோர்னியாவுக்குச் செய்யும் அதே பயிற்சியைத் தமிழ் மாணவர் சென்னைக்குச் செய்யலாம். ஒரே நகரின் இரு நிலையங்களுக்கிடையே 20 செ.மீ. வேறுபாடு இருக்கையில் 'சென்னை மழை' என்பது எதைக் குறிக்கும் என்ற கேள்வி, நிரலின் முதல் வரியை எழுதும்போதே எழுந்துவிடும்.

இங்கேதான் தாய்மொழி மிகுதியும் பயன்படும். பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஏறத்தாழ 35. அவற்றை ஒரு மாணவர் சில நாட்களில் மனங்கொள்வார். ஆனால் மாறிகளுக்கு அவர் இடவேண்டிய பெயர்களுக்கு எல்லையில்லை. ஒவ்வொரு பெயரும் தரவைப் பற்றிய ஒரு புரிதல். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் அப்பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். 'மழை' என்று பெயரிடுவதற்கும் 'காலை_எட்டரை_வரை_மழை_மிமீ' என்று பெயரிடுவதற்கும் உள்ள தொலைவே இப்பாடத்தின் சாரம். இரண்டாவது பெயர் நீளமானதுதான். தொடக்கநிலையில் நீளம் குற்றமன்று. பைத்தானின் அட்டவணை, வரைபட நூலகங்களும் இவ்வழியில் மாணவருக்குக் கிட்டும். பைத்தான்மீதே கட்டப்பட்டிருந்தும் எழில் அவற்றோடு ஒப்பிடத்தக்க வசதியைத் தனக்கென வளர்த்துக்கொள்ளவில்லை. எனவே இந்த மாணவரைப் பொறுத்தவரை, தமிழ்ப் பெயர்களும் தமிழ் விளக்கமும் கொண்ட பைத்தான் பாடமே எழிலைவிட ஏற்றது.

அத்தகைய பாடத்தை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது கலைச்சொல் சிக்கலாகவே இருக்கும். நிலநடுக்கப் பட்டியலில் உருவளவைக் காட்டும் நிரலுக்கு நாளிதழ் வழக்கைப் பின்பற்றி 'ரிக்டர்' என்று பெயரிட்டால் பிழையாகும். பெரிய நடுக்கங்களுக்கு இன்று தரப்படுவது திருப்புத்திறன் அடிப்படையிலான உருவளவு. ஓர் ஊரில் உணரப்பட்ட அதிர்வின் கடுமையோ முற்றிலும் வேறு. ஒரு நடுக்கத்துக்கு உருவளவு ஒன்றே. கடுமை ஊருக்கு ஊர் மாறும். 'அளவு' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும் வழக்கு இன்னும் நீங்கவில்லை.