கரூர்க் காசுகளும் பழனி மலைச் சாரலும்: பண்டை வெள்ளி நாணயங்களை இனங்காணல் குறித்து

அமராவதி ஆற்று மணலில் கிடைத்த அயல்நாட்டுக் காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய ஆங்கில நூல் 2000ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று. கரூரில் கிடைத்த, உரோமானியர் அல்லாத பண்டை அயல்நாட்டு நாணயங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். கிரேக்க நகரங்களின் காசுகள், செலூக்கிய மன்னர்களின் காசுகள் ஆகியவற்றோடு பினீசியக் காசும் அதில் பேசப்படுகிறது. தினமலர் நாளிதழின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்து 2021இல் மறைந்த அவர், பெருவழுதியின் பெயர் பொறித்த பாண்டியக் காசையும் மாக்கோதையின் முகம் பொறித்த சேர வெள்ளிக் காசையும் அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். அவருடைய உழைப்பை மதித்துக்கொண்டே, அந்நூலும் அதன் மரபில் வந்த எழுத்துகளும் எழுப்பும் ஒரு வினாவை இங்கு ஆராய்வோம். காசு யாருடையது என்று அறிவது ஒன்று. அது இம்மண்ணுக்கு எப்படி வந்தது என்று கூறுவது வேறொன்று. நம் நாணயவியல் எழுத்துகளில் முன்னதற்கான விடையே பின்னதற்கும் விடையாகப் பலமுறை கொள்ளப்படுகிறது.

கரூர் என்றவுடன் கரூரை மட்டுமே நினைப்பது போதாது. கொடைக்கானலைத் தன் உச்சியில் தாங்கும் பழனி மலைத்தொடரின் வடசரிவில் பெய்யும் மழை சண்முகநதியாகவும் நங்காஞ்சியாகவும் குடவனாறாகவும் இறங்கி அமராவதியிலேயே சேர்கிறது. தென்சரிவின் நீர் வைகைக்குப் போகிறது. இம்மலையின் அடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009-10இல் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளும் தமிழி எழுத்துப் பொறித்த பாண்டமும் நெல்மணிகளும் வெளிப்பட்டன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 அளவில் அமைவதாக ஆய்வகக் கணிப்பு கூறிற்று. பழனிக்கு அருகில் களையமுத்தூரில் 1856இல் 63 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. மேற்கே உடுமலைப்பேட்டை வட்டத்துப் பூதிநத்தத்தில் கிடைத்த புதையலில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் 1398 இருந்தன. மலைக்குத் தெற்கே போடிநாயக்கனூரில் ஒரே வகையான முத்திரை வெள்ளிக் காசுகளின் பெருங்குவியல் கிடைத்தது. அவற்றின் பின்புறத்து மீன் போன்ற குறியைக் கொண்டு அறிஞர் பலர் அவற்றைப் பாண்டியர்க்கு உரியவை என்பர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பெருவழியும் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மதுரைக்குச் சென்ற வழியும் இம்மலையை இருபுறமும் அணைத்துச் சென்றன. மிளகும் ஏலமும் விளையும் இம்மலையின் இருமருங்கிலும் வெள்ளி புதையுண்டு கிடந்ததில் வியப்பில்லை.

இனி, இனங்காணும் முறையைப் பார்ப்போம். கார்த்தேஜ் நகரத்தாரின் வெள்ளிக் காசை எடுத்துக்கொள்வோம். வழுக்கிவிழ இடமுள்ள பொருள் அதுவே. கார்த்தேஜ் வெள்ளிக் காசு அடிக்கத் தொடங்கியது தன் சொந்த மண்ணில் அன்று, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சிசிலித் தீவில் போரிட்ட தன் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கவே அடித்தது. அதனால்தான் அக்காசில் பாளையம் என்னும் பொருளுடைய சொல் பொறிக்கப்பட்டது. முன்புறத்துப் பெண் தலை, சிரக்கூஸ் நகரக் காசைப் பார்த்துச் செதுக்கியது. அவள் தானித் தெய்வமா, கிரேக்கரின் பெர்செபோனியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பின்புறத்தில் குதிரையோ குதிரைத் தலையோ, பேரீச்ச மரமோ இருக்கும். பேரீச்சைக்கும் பினீசியனுக்கும் கிரேக்க மொழியில் ஒரே சொல். மரம் இனப்பெயரின் சிலேடையாகவே நின்றது. ஆனால் பேரீச்ச மரத்தைக் கண்டவுடன் கார்த்தேஜ் என்று எழுதிவிட முடியாது. பினீசியாவின் அராதுஸ் நகரக் காசிலும் பேரீச்சை உண்டு. அங்கே அதன் முன் ஒரு மான் நிற்கும், மறுபுறத்தில் தேனீ இருக்கும். அந்த மானும் தேனீயும் எபேசு நகரத்துக் காசைப் பின்பற்றியவை. தேய்ந்த காசில் மான் குதிரையாகத் தோன்றக்கூடும். அப்போது கை கொடுப்பவை எழுத்தும் எடையும் மட்டுமே.

எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், உயிரெழுத்து எழுதப்படுவதில்லை. அரபு பயின்ற நம் வாசகர்க்கு இது புதிதன்று. கார்த்தேஜின் பெயரே ‘கர்த் ஹதஷ்த்’, அதாவது புதிய நகரம். ‘கர்த்’ என்பது அரபியின் ‘கர்யா’வுக்கும், ‘ஹதஷ்த்’ என்பது புதியது என்னும் பொருளுடைய ‘ஹதீஸ்’ என்ற சொல்லுக்கும் உறவு. அவர்களின் எடையலகாகிய ‘ஷெகெல்’, நாம் ஸகாத் கணக்கில் காணும் ‘மித்கால்’ என்பதன் வேரிலிருந்தே பிறந்தது. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் எடை, பாரம் என்பதே. ஆகவே அம்மக்களுக்குக் காசு என்பது முதலில் ஒரு நிறை. அதன்மேல் இட்ட முத்திரை பின்னர் வந்தது. சிசிலியில் அடித்த பெரிய காசுகள் ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளவை. பிற்காலத்து ஷெகெல் 7 கிராமுக்குச் சற்று மேல். தராசில் வைக்காமல் பியூனிக் காசை இனங்கண்டேன் என்பவரின் சொல்லை நாம் ஏற்பதற்கில்லை.

கிருஷ்ணமூர்த்தியின் நூலில் இவ்வகையான அடையாளங்காணல் பொறுப்புடன் செய்யப்பட்டுள்ளது. காசின் இருபுறத்தையும் காட்டி, ஒப்பிட வேண்டியவற்றோடு ஒப்பிட்டு, எந்நகரத்தது என்று முடிவு செய்கிறார். நம் கருத்து வேறுபாடு அதற்கடுத்த படியில்தான் எழுகிறது. அக்காசுகள் அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கோடு கிடைத்தவை அல்ல. ஆற்று மணலைச் சலித்துப் பொன்துகளும் உலோகமும் தேடுவோர் கையிலிருந்து வணிகர் கைக்கும், வணிகர் கையிலிருந்து சேகரிப்பாளர் கைக்கும் வந்தவை. மணல் புரண்டுகொண்டே இருக்கும் ஆற்றில் பக்கத்தில் கிடந்த பொருளைக் கொண்டு காலம் கணிக்கவும் வழியில்லை. ஒற்றைக் காசிலிருந்து பினீசியரோடு தமிழர் நேரடியாக வணிகம் செய்தனர் என்று நீட்டுவது, ஒருவரின் சட்டைப்பையில் வெளிநாட்டு நாணயம் இருந்ததால் அவர் அந்நாட்டுக்குப் போய்வந்தார் என்று கொள்வதைப் போன்றது. பழைய கிரேக்கக் காசுகள் உரோமானியர் காலத்துச் செங்கடல் வணிகரின் பையிலேயே வந்திருக்கலாம். நூலாசிரியர் அடக்கத்தோடு எழுதியவற்றை மேற்கோள் காட்டுவோர் அடக்கமின்றிப் பெருக்குகின்றனர். குறை பெரும்பாலும் அவர்களிடமே உள்ளது. அவர் அக்காசுகளை வாங்கிப் பதிப்பிக்காமல் இருந்திருந்தால் அவை உருக்குவோரின் குகையில் போயிருக்கும் என்பதையும் மறுக்க இயலாது.

மாறாக, பூதிநத்தம் போன்ற புதையல்கள் ஊர்ப்பெயரோடும் எண்ணிக்கையோடும் வந்தவை. அவற்றின் மேல் வரலாறு எழுதலாம். அகஸ்டஸின் வளர்ப்பு மக்களாகிய காயுஸ், லூசியுஸ் இருவரும் கேடயம் ஈட்டியுடன் நிற்கும் காசு ஒருவகை. திபேரியஸின் தலையும் மறுபுறம் அமர்ந்த பெண்ணும் கொண்ட காசு மற்றொரு வகை. இந்தியாவில் கிடைத்த டெனாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டுமே. இரண்டுமே இன்றைய பிரான்சின் லியோன் நகர்ச் சாலையோடு தொடர்புடையவை. எத்தனையோ வகைக் காசுகள் உரோமில் புழங்கியபோது இவ்விரண்டு மட்டும் ஏன் இங்கு குவிந்தன? யாரோ தெரிந்தெடுத்து அனுப்பினர், அல்லது யாரோ தெரிந்தெடுத்து வாங்கினர் என்பதே பொருள். இலங்கை மன்னன் ஒருவன் உரோமானியரின் வெள்ளிக் காசுகளில் முகங்கள் பலவாயினும் எடை ஒன்றாயிருப்பது கண்டு அவர்களின் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதுகிறார். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என்று ஒரே சொல் இருப்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

இராபர்ட் சீவெல் 1904இல் எழுதிய கட்டுரை முதல் இன்றுவரை ஒரு விளக்கம் சொல்லப்பட்டு வருகிறது: கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். தமிழ் வணிகர் அதைக் கண்டுகொண்டு புதுக் காசை மறுத்தனர். ஆகவே வெள்ளிக் காசு வரத்து நின்றது. கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் மக்டவல் என்னும் நாணயவியலார் இதன்மேல் எழுப்பிய ஐயம் வலுவானது. நீரோவுக்கு முந்திய நல்ல காசுகள் உரோமிலேயே நெடுங்காலம் புழங்கின, திரயான் கி.பி. 107 அளவில் பழங்காசுகளைத் திரும்பப் பெறும்வரை அவற்றைப் பொறுக்கியெடுத்து ஏற்றுமதி செய்ய வழி இருந்தது. அவ்வாறாயின் திபேரியஸ் காசுப் புதையல் திபேரியஸ் காலத்தில் வந்தது என்று கூறமுடியாது. காசின் முகம், அது புறப்பட்ட காலத்தின் மேலெல்லையைக் காட்டுவதில்லை. கீழெல்லையை மட்டுமே காட்டுகிறது. நம் பாடநூல்கள் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

தூய்மையை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாக்கர் என்பார் 1970களில் காசுகளின் மேற்பரப்பை ஊடுகதிரால் சோதித்து அளவுகளை வெளியிட்டார். பின்னர் புட்சரும் பான்டிங்கும் காசின் உள்ளிலிருந்து துளையிட்டு எடுத்த துகளைச் சோதித்தபோது நீரோவின் கலப்படம் எண்ணியதைவிடப் பெரிது, ஐந்தில் ஒரு பங்கு செம்பு என்று தெரிந்தது. அவர்களின் நூல் 2014இல் வெளிவந்தது. காரணம் எளிது. அச்சிடுமுன் தகட்டைச் சூடாக்கி அமிலத்தில் இட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து, வெள்ளித்தோல் மட்டும் மிஞ்சும். கண்ணும் உரைகல்லும் தோலோடு நின்றுவிடும். இதைவிட மோசமானது செம்புக் காசின் மேல் வெள்ளித் தகடு போர்த்தும் வித்தை; காயுஸ், லூசியுஸ் வகையில் இத்தகைய போலிகள் இந்தியாவில் பல கிடைத்துள்ளன. காசைச் சிதைக்காமல் இவற்றைப் பிரித்தறிய நீரில் எடைபோடும் முறை உதவும். வெள்ளி தன் பருமனளவு நீரைப்போல் 10.49 மடங்கு கனம், செம்பு 8.96 மடங்கு. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி உலோகங்களையும் மணிகளையும் இம்முறையில் அளந்து அட்டவணை அமைத்தார். ஈயம் கலந்தால் இக்கணக்கு ஏமாற்றும். ஈயம் வெள்ளியினும் கனமானது.

வெள்ளியின் மூலத்தைத் தேடுவது இப்போது இன்னும் சுவையாகியுள்ளது. கார்த்தேஜினர் ஸ்பெயினில் கி.மு. 237 முதல் வெட்டிய சுரங்கங்களை, கி.மு. 209இல் புதிய கார்த்தேஜ் வீழ்ந்தபின் உரோமானியர் கைப்பற்றினர். அச்சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்து நாளொன்றுக்கு 25,000 திரக்மா ஈட்டினர் என்று பொலிபியஸ் கூறியதாக ஸ்திராபோ எழுதியுள்ளார். உரோமானிய வெள்ளிக் காசுகளின் ஈயத் தனிமக்கூறுகளை ஒப்பிட்டு 2017இல் அறிவிக்கப்பட்ட ஆய்வொன்று, கி.மு. 209க்குப் பின்னான காசுகளில் ஸ்பானிய வெள்ளி இருப்பதைக் காட்டிற்று. உருக்கி உருக்கி அடிப்பது வெள்ளியின் இயல்பு. ஆகவே பூதிநத்தத்துக் குடத்தில் திபேரியஸின் முகத்தோடு கிடந்த வெள்ளியில் ஒரு பங்கு, ஹன்னிபாலின் வீரர் கைப்பட்ட வெள்ளியாக இருக்கக்கூடாதா என்று வினவலாம். விடையை ஆய்வகம் கூறவேண்டும். பியூனிக் வெள்ளியைத் தமிழ்நாட்டில் தேடுவோர் குதிரையையும் பேரீச்சையையும் தேடுவதைவிட இப்படித் தேடுவது பயனுடையது என்பது நம் கருத்து.

இறுதியாக, மதிப்பு. சந்தையில் காசின் விலையை அச்சின் தெளிவும் தேய்மானமும் அருமையும் முன்பு யார் கையில் இருந்தது என்ற சான்றும் தீர்மானிக்கின்றன. புளியிட்டுத் துலக்கிய காசு மதிப்பிழக்கும். இதை அறியாமல் பளபளப்பாக்கிக் கொண்டுவருவோர் பலர். சட்டம் வேறு கணக்கு வைத்துள்ளது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் கொடுப்பது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்திலொரு பங்கும். அதாவது அகஸ்டஸின் காசும் உடைந்த கொலுசும் சட்டத்தின் தராசில் ஏறத்தாழ ஒன்றே. ஏர் முனையில் குடம் தட்டுப்பட்ட ஏழை உழவர் அதைத் தட்டாரிடம் கொண்டுபோவதற்கும், தரகர் வாங்கி ஊர்ப்பெயரை மறைப்பதற்கும் இந்த ஐந்திலொரு பங்கு பெரிதும் காரணம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் ஏற்றுமதியைத் தடுத்தது. கண்டெடுத்தவருக்கு நியாயமான விலை கிடைக்க வழி செய்யவில்லை.

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பழனி மலையின் தொல்பொருள்கள் காட்சிக்கு உள்ளன. அங்கிருந்த ஏசுசபைத் துறவியர் ஆங்லாடும் நியூட்டனும் இம்மலையின் கல்திட்டைகளைப் பற்றி எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. எந்தக் கல்திட்டை எந்த ஊருக்கு அருகில், எந்தச் சரிவில், எத்தனை அடி நீளம் என்று அளந்து எழுதினர். அவர்களின் கொள்கை விளக்கங்கள் பல இன்று பழையனவாகிவிட்டன. அளவுகளும் இடங்களும் அப்படியே பயன்படுகின்றன. தாண்டிக்குடியில் பின்னர் அகழ்ந்தோருக்கும் பயன்பட்டிருக்கும். கரூர்க் காசுகளின் பட்டியலில் காசின் எடைக்கும் விட்டத்திற்கும் அருகில் ஆற்றின் எந்த வளைவு, எந்தத் துறை, எந்த ஆண்டு என்ற ஒரு வரியைச் சேர்க்க முடிந்திருந்தால் அந்நூலின் பயன் இருமடங்காகியிருக்கும். மணல் சலிப்போரில் முதியவர் சிலர் இன்னும் இருக்கலாம். அவர்களைக் கேட்டெழுத அடுத்து வரும் ஆய்வாளர் கரூருக்குப் போகட்டும்.