கார்டை நகலெடுத்தால் போதுமா?

பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி போர்டில் எஸ்டி கார்டைச் செருகி, எஸ்2 பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், போர்டிலுள்ள இஎம்எம்சி நினைவகத்தை விட்டுவிட்டுக் கார்டிலிருந்தே பூட் ஆகும். சிப்புக்குள் மாற்றவே முடியாதபடி பதிந்திருக்கும் ரோம் நிரல், கார்டின் ஃபேட் பார்ட்டிஷனில் எம்எல்ஓ என்ற கோப்பைத் தேடும். வெளி ரேம் அப்போது இயங்கத் தொடங்கியிருக்காது. அதனால் சிப்பின் உள்நினைவகத்தில், சுமார் நூறு கிலோபைட்டுக்குள், அந்தக் கோப்பு அடங்கியாக வேண்டும். அது ரேமை இயக்கி, யூ-பூட் என்ற பூட்லோடரை அழைக்கும். யூ-பூட் கர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ஏற்றும்.

கார்டில் என்ன தவறாக எழுதினாலும் அதைக் கழற்றி மறுபடி எழுதிக்கொள்ளலாம், போர்டு சாகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை தேடும் ஒரு டிப்ளமோ மாணவர், விலை கூடிய கருவி எதுவுமின்றி ஒரு சீரியல் கேபிளை வைத்தே, எம்எல்ஓவிலிருந்து தொடங்கி, பூட்டின் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்க்கலாம். இமேஜை உருவாக்கும் கருவியான பில்ட்ரூட்டில் 'மேக்' கட்டளை முடிந்தால் எஸ்டிகார்டு.இமேஜ் கோப்பு தயார். கற்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதே கார்டை எளாவூர்ப் பக்கம் ஓர் ஆலையின் பேனலுக்குள் விட்டுவந்தால் கதை வேறு. உலையும் ரோலிங் மில்லும் ஓடும் இடத்தில் வெப்பம், அதிர்வு, திடீர் மின்தடை மூன்றும் உண்டு. சில பைட் லாக் எழுதினாலும் கார்டின் கட்டுப்படுத்தி உள்ளே பெரிய பிளாக்கையே இடம் மாற்ற நேரலாம். அந்த நொடியில் மின்சாரம் போனால் கார்டின் உள் அட்டவணையே குலையக்கூடும். இஎக்ஸ்டி4-இன் ஜர்னல் கோப்பு முறையைத்தான் காக்கும், அந்த அட்டவணையைக் காக்காது. ரூட் கோப்பு முறையைப் படிக்க மட்டும் திறந்து, மாறுவதை ரேமில் வைத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நகலெடுக்கும் பழக்கம். ஓடும் கார்டில் கையால் திருத்தி, 'டிடி' கட்டளை போட்டுப் பத்து கார்டு எடுக்கிறோம். பத்திலும் ஒரே எஸ்எஸ்ஹெச் சாவி, ஒரே கடவுச்சொல். திருத்தியவர் வேலை மாறிப் போனால் அந்த இமேஜை மறுபடி பில்ட் செய்ய யாராலும் முடியாது. பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் சேர்க்க வழியில்லை. பில்ட்ரூட், யோக்டோ போன்ற பில்ட் கருவிகள் இந்த நிலையைத் தவிர்க்க உதவும். ஆலைக்குப் போகும் ஒவ்வொரு போர்டின் மேலும் அதன் இமேஜ் எந்த மூலத்திலிருந்து பில்ட் ஆனது என்பதைக் காட்டும் கிட் கமிட் எண்ணை ஒட்ட வேண்டும். அந்த எண்ணிலிருந்து வேறொருவர் இமேஜை பில்ட் செய்து பூட் செய்து காட்டிய பிறகே பேனலை மூடலாம்.