ஃபெரி இயக்கிய படங்கள்

பினாங்கு ஃபெரியைக் காட்டும் புகைப்படங்களுக்குக் குறைவில்லை. 1946-இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட்டின் வழிவந்த செய்திப் படங்களும் உண்டு. ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் வரையிலான அந்தக் கால்மணி, இருபது நிமிடக் கடல் பயணம் எப்படி இருந்தது என்று உணர வேண்டுமானால், சினிமா கற்காதவர்கள் எட்டு மில்லிமீட்டர் கேமராவில் பிடித்து வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்த்த சுருள்களைத்தான் நாட வேண்டும். அவற்றை ஆவணமாக மதிப்பவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி அதற்கும் ஒரு படி மேலே: அவற்றில் நல்லவை நல்ல சினிமா. காரணம், எடுத்தவரிடம் இல்லாத இயக்குநர் புத்தியை ஃபெரியே கொடுத்தது.

கோடக் 1932-இல் கொண்டுவந்த எட்டு மில்லிமீட்டர் முறையில் ஒரு சுருள் மொத்தம் நான்கு நிமிடம் ஓடும். பாதி முடிந்ததும் அதைத் திருப்பிப் போட வேண்டும். அப்போது ஓரத்தில் கசிந்த வெளிச்சம் படத்தில் ஆரஞ்சுத் தீற்றலாகப் பதியும். கேமராவின் வில்லுக்குச் சாவி கொடுத்தால் ஒரே மூச்சில் சுமார் அரை நிமிடம்தான் ஓடும். ஆகவே முழுப் பயணத்தையும் எடுக்க முடியாது. எதை விடுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவையும் ஃபெரி சுலபமாக்கியது. கார் ஏறுவது, கரை விலகுவது, எதிர்க்கரை நெருங்குவது என்று ஆரம்பமும் நடுவும் முடிவும் அதற்குள்ளேயே இருந்தன. கற்றுக்குட்டிகளின் பெரிய நோய், கேமராவை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருப்பது. ஃபெரியில் அதற்குத் தேவையே எழவில்லை. கம்பியில் முழங்கையை ஊன்றிச் சும்மா நின்றால் போதும், தண்ணீரும் தீவும் தாமாக நகர்ந்து வரும். ஸ்டூடியோக்காரர்கள் தண்டவாளம் போட்டு, வண்டி தள்ளி எடுக்கும் காட்சி இங்கே டிக்கெட் காசுக்குக் கிடைத்தது.

ஒளியும் தன் பங்கைச் செய்தது. 1936-இலேயே எட்டு மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட கோடக்குரோம், வெளிச்சத்தை மிக மெதுவாக வாங்கும் ஃபிலிம். கூரை போட்ட மேல்தளத்திலிருந்து வெயிலடிக்கும் கடலுக்கு அளவு வைத்தால் தளத்தில் நிற்பவர்கள் கருநிழலாகிவிடுவார்கள். குடையின் வளைவு, தோளில் சாய்ந்த பிள்ளையின் தலை, வேட்டி மடிப்பின் விளிம்பு மட்டும் ஒளிக்கோடாகத் தெரியும். பின்னால் கடல் கெட்டியான நீலமாக நிற்கும். இது தெரியாமல் நேர்ந்ததுதானே என்று கேட்கலாம். தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்பது எடுத்தவருக்கு மதிப்பெண் போட உதவும். திரையில் இருக்கும் அழகை அது குறைக்காது.

இவற்றை ரசிப்பது வெறும் பழைய நினைவுப் பித்து என்றொரு ஆட்சேபம் உண்டு. பித்து கண்ணை மறைக்கும். இந்தப் படங்களோ கண்ணைக் கூர்மையாக்குகின்றன. தேதி எழுதாத சுருளுக்கும் வருடம் கணிக்க முடிகிறது. தீவின் வானோரத்தில் கொம்தார் கோபுரம் இல்லையென்றால் அது 1970-களோ அதற்கும் முன்போ. கோபுரம் பாதி எழுந்திருந்தால் 1980-களின் தொடக்கம். தெற்கே பினாங்குப் பாலத்தின் தூண்கள் கடலில் வரிசையாக நின்றால் 1982-க்கும் 1985-க்கும் இடைப்பட்ட காலம். 1985 செப்டம்பரில் பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அதற்குள் வீடியோ கேமரா வரத் தொடங்கிவிட்டதால் ஃபெரியின் கீழ்த்தளத்தில் சாகாவை ஃபிலிமில் பார்ப்பது அபூர்வமாகத்தான் இருக்கும். மோரிஸ் மைனர்களைத்தான் பார்ப்போம்.

கேமரா யார் கையில் இருந்தது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. துரைமார், அதிகாரிகள், பெரிய வியாபாரிகள் கையில் இருந்தது. செமினி, காஜாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு அது எட்டாத பொருள். பிரிட்டனில் பிரிஸ்டல் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் இருக்கும் பேரரசுக் காலக் குடும்பப் படங்களும் பெரும்பாலும் மேல்நிலையில் இருந்தவர்களின் பார்வைதான். இதை மறுக்க மாட்டேன். அதிகாரம் இல்லாதவர் கைக்கும் அது போன நேரம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவின் டோபாஸ் தடுப்பு முகாமில், அங்கே அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர் டேவ் தட்சுனோ ரகசியமாக எடுத்த எட்டு மில்லிமீட்டர் படம் 1996-இல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நம் பக்கத்துக்கு அப்படியொரு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆனால் தோட்டத்து பங்களாவில் எடுத்த படத்தையும் ஃபெரியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பங்களா வாசலில் வேலையாட்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பார்கள். ஃபெரியில் அந்த அதிகாரம் செல்லாது. துரைசானியைப் படம் பிடிக்கும்போது குறுக்கே துறைமுகத் தொழிலாளி நடப்பார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் குடும்பம் மூட்டையோடு உள்ளே வரும். யாரோ ஒரு பையன் லென்ஸையே உற்றுப் பார்ப்பான். ரயில் பட்டர்வொர்த்தோடு நின்றுவிடும், பாலமும் இல்லாத காலம். கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து போன நம் ஆட்களும் அந்தத் தளத்தில் நின்றே ஆக வேண்டும். யாரும் அழைக்காமல் சட்டகத்துக்குள் வந்த அவர்களுக்காகவே இந்தப் படங்களை மறுபடி மறுபடி பார்க்கலாம்.

2020 டிசம்பர் இறுதியில், கார் ஏற்றும் பழைய ஃபெரிகளின் கடைசி நாள்களைக் கைப்பேசியில் பிடித்தவர்கள் ஏராளம். 1894-இல் தொடங்கி, 1920-களின் நடுவில் கார்களையும் ஏற்றத் தொடங்கிய சேவையில் 2021 முதல் கார்களுக்கு இடமில்லை. 2023-இல் வந்த புதிய படகுகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும்தான் ஏற்றுகின்றன. கைப்பேசிப் படங்கள் வேண்டியவையே. ஆனால் கடைசி என்று தெரிந்து எடுத்தவை அவை, ஒவ்வொன்றும் விடைகொடுக்கிறது. பழைய சுருள்களை எடுத்தவர்களுக்கு ஃபெரி நாளைக்கும் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அதனால்தான் கயிறு சுற்றும் மாலுமியையும், இரும்புப் பாலத்தட்டி தாழ்ந்ததும் முன்சக்கரம் ஏறிக் குலுங்கும் காரையும் அலட்டலில்லாமல் பார்க்க முடிந்தது.

வீட்டுப் பரணில் சுருள் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அசிடேட் ஃபிலிமுக்கு எமன். டப்பாவைத் திறந்ததும் புளித்த வினிகர் வாடை வந்தால் தாமதிக்க நேரமில்லை. டிஜிட்டலுக்கு மாற்றும்போது நொடிக்கு 16 அல்லது 18 சட்டக வேகத்திலேயே ஓடும்படி கேளுங்கள். 24 என்று ஓட்டினால் ஃபெரியிலிருந்து இறங்குபவர்கள் எல்லாரும் ஓட்டப் பந்தயத்தில் போவதாகத் தெரியும். மேலே பாட்டு ஒட்ட வேண்டாம். ஆரஞ்சுத் தீற்றலை வெட்ட வேண்டாம். ஆட்டத்தைச் சரிசெய்யும் மென்பொருளையும் அண்ட விடாதீர்கள். அது நிலைநிறுத்துவதாகச் சொல்லிச் சட்டகத்தின் ஓரங்களை நறுக்கிவிடும். நம் ஆட்கள் நிற்பது பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான்.