வட்டில் ஒரு புல்வெளி
ப்ளூ-ரே பெட்டி திறக்கும்போது கேட்கும் சின்ன ‘டக்’ ஓசை எனக்குப் பிடிக்கும். நடுப்பிடியை அழுத்தி, விளிம்பை மட்டும் தொட்டு வட்டை எடுக்க வேண்டும். பளபளப்பில் கைரேகை படக்கூடாது. பிளேயர் அதை உள்ளிழுத்து, கொஞ்சம் முனகிய பிறகே படம் காட்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

எல்லாப் படத்துக்கும் வட்டு வாங்கும் காசு தகாதுதான். ஆனால் சத்யஜித் ராயின் அபு படங்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். 1993இல் லண்டன் தீ விபத்தில் கருகிய அவற்றின் நெகட்டிவ்களுக்கு இத்தாலியின் பொலோன்யாவில் ஈரமூட்டி, சேதமான ஓரங்களைக் கையால் செப்பனிட்டிருக்கிறார்கள். என்ன பொறுமை! அவற்றில் ஒன்றான ‘பதேர் பாஞ்சாலி’யில் துர்காவும் அபுவும் ரயிலைத் தேடி ஓடும் காட்சியில் நாணல் பூக்கள் தனித்தனியாக அசைகின்றன, படச்சுருளின் நுண்துகளும் அப்படியே உயிரோடிருக்கிறது. இணையத்தில் பார்க்கும்போது வேகம் குறைந்தால் இதே புல்வெளி கட்டங்கட்டமாக மசமசத்துவிடும்.