பயத்தை அளக்கும் கோல்

ஆரோன் பெக் 1976இல் எழுதிய ‘காக்னிட்டிவ் தெரபி அண்ட் தி எமோஷனல் டிஸார்டர்ஸ்’ நூலின் மையம் இது: சம்பவத்தை விட அதற்கு நாம் தரும் அர்த்தமே நம்மை வதைக்கிறது. பதற்றக்காரர் ஆபத்தைப் பெரிதாகவும் தன் பலத்தைச் சிறிதாகவும் காண்கிறார். ஃபிராய்டின் ஆழ்மனச் சுரங்கத்திலிருந்து விலகி, நோயாளி தானே சொல்லும் நினைப்புக்கு மதிப்புக் கொடுத்தது பெரிய காரியம்தான். நெஞ்சு படபடத்தா மாரடைப்புன்னு நடுங்குறவருக்கு இது கைகொடுக்கும். சோதித்துப் பார்த்தால் நினைப்பு கலையும்.

ஆனால் ஆபத்து நெசமாவே வாசல்ல நின்னா? அடிக்கிற புருஷனுக்கு அஞ்சுறவளோட பயம் சிந்தனைப் பிழையா? ‘மிகை’ என்று அளக்கிற கோல் யார் கையில்? ஆதாரத்தைத் தேடு என்கிறார் பெக். சரி, முழுசாவே தேடுவோம்: அவள் வீட்டில், வேலையிடத்தில், காவல் நிலையத்தில். பயம் நியாயம்னு தெரிஞ்சா, வைத்தியர் அவள் பக்கம் நின்னு நிலைமையை மாத்தணும்.