சொல்லடியும் வில்லடியும்

ராப் என்பது தாளத்தின்மேல் பேச்சை ஏற்றி நிறுத்தும் கலை. இராகத்தின் ஏற்ற இறக்கம் இதில் குறைவு. சொல்லின் அசை தாளத்தோடு கூடுவதும், வேண்டுமென்றே அரைநொடி பிந்துவதும், மறுபடி வந்து சேர்வதுமே இதன் சுவை. தமிழில் இதைச் சொல்லிசை என்றும் அழைக்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய கொண்டாட்டத்தை இதன் பிறப்பாகக் கொள்வது வழக்கம். தமிழர் பலர் இந்தப் பெயரை முதலில் கேட்டது 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலில். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல் வெளியானது. 2018இல் சென்னையில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடை ஏறியபோது, ராப் சாதியைப் பெயர் சொல்லிப் பேசும் வடிவமாகவும் ஆயிற்று.

இதைக் கலையாக ஏற்க மறுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பழகியவை. இது பாட்டே இல்லை, வெறும் பேச்சு, மெட்டு இரவல், உள்ளே இருப்பது தற்பெருமையும் வசவும். இவற்றுக்கு விடை தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பேச்சைத் தாளத்தில் ஏற்றியும், பழைய மெட்டை எடுத்தாண்டும், வசவைச் செய்யுளாக்கியும் நிலைபெற்ற வடிவங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கின்றன. அவற்றுக்கும் ராப்புக்கும் வம்சத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் ஒன்றை எடைபோட மற்றொன்று நல்ல படிக்கல்லாக உதவும்.

முதலில் வில்லுப்பாட்டு. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கோயில் கொடை விழாக்களில் இரவெல்லாம் நடப்பது இது. மணிகள் கட்டிய வில்லின் நாணில் வீசுகோல் விழ, குடம் அடியோசை தர, உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். புலவர் கதையைப் பாதி பாடிப் பாதி பேசுவார். பேச்சு தாளத்தை விட்டு இறங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர் போடும் ‘ஆமா’ ஒவ்வொரு அடிக்கும் முடிச்சுப் போடுகிறது. சாமியாடிக்கு அருள் ஏறும் நேரத்தை முகம் பார்த்தே அறிந்து, புலவர் வேகத்தைக் கூட்டுகிறார், தணிக்கிறார். பிராங்ஸ் கொண்டாட்டங்களில் ஒலிவாங்கி பிடித்தவருக்கும் தொடக்கத்தில் இதுவே வேலை: ஆடுகிற கூட்டத்தைப் பார்த்துச் சொல்லை ஓட்டுவது. மேடையில் கொன்னக்கோல் என்று தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்பவரை எவரும் இசைக்கலைஞர் இல்லை என்பதில்லை. அதிலும் இராகம் கிடையாது. இராகம் இல்லாததால் இசை இல்லை என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

தொல்காப்பியம் செய்யுளின் ஓசையை 20 வண்ணங்களாகப் பிரிக்கிறது. உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் அவற்றில் அடங்கும். சொல் உருள்வதும் விரைவதும் தமிழ்ச் செய்யுளியலில் தனியே பெயரிட்டு ஆராயப்பட்ட நுட்பங்கள். ஒரு ராப் பாடகரின் ‘ஃப்ளோ’ எனும் சொல்லோட்டம் நன்றா தீதா என்று சொல்ல இதைவிட நெருக்கமான அளவுகோல் வேறில்லை.

அந்த அளவுகோலின் உச்சியில் இருப்பவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். முப்பது வயதைத் தாண்டாமலே மறைந்த அவருடைய காவடிச்சிந்து, கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடப்பவர்களின் காலடியைத் தாளமாகக் கொண்டது. ஒரு நீண்ட அடி சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்து, துண்டுக்குத் துண்டு ஓசை ஒத்து, கடைசியில் ஒரே மூச்சில் வந்து விழும். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் சேர்த்தே அவர் எழுதியிருக்கிறார். இன்றைய ராப் எழுத்தாளர்கள் பெருமையோடு சொல்லும் உள்ளியைபு வேலை முழுவதும் அவரிடம் இருக்கிறது.

தமிழ் ராப்பின் பெரிய குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் அடியின் கடைசியில் ஓசை ஒக்கச் செய்வது உழைப்பைக் கேட்கும் வேலை. அதனால் அங்கே அதற்கு மதிப்பு. தமிழில் விகுதியே அந்த வேலையைச் செய்துவிடும். பார்த்தேன், கேட்டேன், போனேன் என்று அடுக்கினால் இயைபு வந்துவிட்டதாகத் தோன்றும். வந்தது இலக்கணம் மட்டும். தமிழின் கடினமான தொடை எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றிவரப் பொருளும் வழுவாமல் சொல் தேடுவதற்கு அகராதி நெஞ்சில் இருக்க வேண்டும். இறக்குமதியான அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டவர்கள் மலிவான இயைபைக் குவித்து, அருமையான எதுகையைக் கைவிட்டுவிட்டார்கள். கேட்கும்போது எடுப்பாக இருக்கும் பல பாடல்கள் இரண்டாம் முறை கேட்கையில் வெளுத்துப்போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று மாத்திரை. ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் முக்கியம். தமிழில் குறிலும் நெடிலும் முக்கியம். தாளம் விழுகிற இடத்தில் குறிலை இழுத்தால் படம் பாடமாகிவிடும், கல் காலாகிவிடும். பீட்டைப் பிடிப்பதற்காக மாத்திரையைச் சிதைப்பது தமிழ் ராப்பில் அன்றாடம் நடக்கிறது. சிதைக்காமல் அதே வேகத்தில் ஓட முடியும் என்பதற்குக் காவடிச்சிந்தே சாட்சி.

வசவு, தற்பெருமை என்ற குற்றச்சாட்டு கனமானது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரிப் பக்கத்து முக்கூடலைப் பாடும் சிற்றிலக்கியமான முக்கூடற்பள்ளு இதற்கு நல்ல ஒப்பீடு. மூத்த பள்ளி முக்கூடல்காரி, திருமாலின் அடியாள். இளைய பள்ளி மருதூர்க்காரி, சிவனின் அடியாள். ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட இருவரும் ஏசிக்கொள்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் சாமியை இழுத்து வந்து சந்திக்கு நிறுத்துகிறாள்; அவள் அதே தாளத்தில், அதே தொடையில் திருப்பிக் கொடுக்கிறாள். அமெரிக்கத் தெருக்களில் நடக்கும் ராப் போட்டியின் விதிகள் இவைதாம். வசவு கலையாவதற்குப் பள்ளு விதிக்கும் விலை புலமை. எதிராளியின் கடவுளைத் திட்ட அந்தக் கடவுளின் புராணம் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் இருவரும் சமாதானமும் ஆகிறார்கள். பணம், கார், பெண்ணுடல் ஆகிய மூன்றையே சுற்றும் ராப் வசவில் இந்தப் புலமை இல்லை. எதிராளியைப் பற்றிய அறிவும் இல்லை. பெண்ணை மட்டம் தட்டுவதைத் துணிச்சலாக எண்ணும் பாடல்கள் ஒழுக்கத்தில் தவறுவதற்கு முன்பே கலையில் தவறிவிடுகின்றன, ஏனெனில் அவற்றில் எல்லாச் சொற்களும் முன்பே யாரோ சொன்னவை.

பள்ளுக்கும் ஒரு பெரிய ஊனம் உண்டு. நெல் வகை, மாட்டு வகை, ஆற்று வெள்ளம், நாற்று நடவு எல்லாம் அதில் உயிரோடு இருக்கின்றன. பண்ணைக்காரனும் கேலிக்கு ஆளாகிறான். ஆனால் உழுகிறவன் தொழுமரத்தில் மாட்டப்படுவது அங்கே கதையின் ஒரு சுவையான கட்டம். அதை எழுதியது ஏட்டில் எழுதும் கை, கட்டுண்டவனின் கை இல்லை. ராப் வென்ற இடம் இது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் பேரனான ராப் பாடகர் அறிவு, அந்தப் பாட்டியின் வாழ்க்கையை 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் சொன்னபோது, பாடப்படுபவரின் வீட்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது. வாத்தியமும் வாத்தியாரும் இல்லாதவருக்கும் எட்டும் வடிவம் என்பதால்தான் இது நடந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே ராப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அநியாயம்.

இரவல் மெட்டு என்பதை அதிகம் பேச வேண்டியதில்லை. பாரதியார் சிந்து மெட்டுகளை எடுத்தாண்டார். வில்லுப் புலவர்கள் வழிவழி மெட்டில்தான் கதை கட்டுகிறார்கள். எடுத்ததைச் சொல்லாமல் விடுவதே தவறு. ‘எஞ்சாய் எஞ்சாமி’யைச் சுற்றியும், உருவாக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பூசல் பொதுவெளியில் எழுந்தது. எழுதியவர், பாடியவர், இசை சேர்த்தவர் என்று பிரிந்து கிடக்கும் பதிவுத் தொழிலில் இது இன்னும் பலமுறை எழும்.

வில்லுப்பாட்டோடு வைத்துப் பார்க்கும்போது ராப் தோற்கும் இடம் நீளம். வில்லுப்பாட்டின் நாயகர்களில் பலர் அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்கள். அருந்ததியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணந்த பிராமணனான முத்துப்பட்டனின் கதை அப்படியொன்று. நாங்குநேரிக்காரரான ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தார். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டனுக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. சாதியை மீறிய காதலும், அதற்குப் பின் வந்த சாவும், சாவுக்குப் பின் வந்த பயமும் அந்த இரவுக்குள் படிப்படியாக விரிகின்றன. இதே தாமிரபரணிக் கரையில் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியின்மேல் காவல்துறை தடியடி நடத்தியது; ஆற்றில் 17 பேர் மாண்டனர். இப்படிப்பட்ட சாவைப் பாட மூன்று நிமிடப் பாட்டுக்கு மூச்சுப் போதாது. கோபத்தைச் சொல்லிவிடும், இறந்தவர் யார், எந்த ஊர், கையில் எதை வைத்திருந்தார் என்பதற்கு இடமிருக்காது. ‘நான்’ என்று தொடங்கி ‘நான்’ என்றே முடியும் தமிழ் ராப் இன்னும் ‘அவன்’, ‘அவள்’ கதையைப் பொறுமையாகச் சொல்லப் பழகவில்லை.

விருதுகள் இந்த விவாதத்தில் அதிகம் உதவுவதில்லை. அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லாமரின் ‘டேம்’ தொகுப்புக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. நெல்லை மண்ணின் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் அடுத்த ஆண்டே மறைந்தார். இரண்டும் உரிய மரியாதைகள். கொடை இரவில் விடியும்வரை தொண்டை கட்டிப் பாடுகிறவரின் கூலியை அவை கூட்டவில்லை, தெருமுனையில் எழுதிப் பழகும் பையனின் எதுகையைத் திருத்தவும் இல்லை. பெண்கள் நிலையிலும் வில்லே முன்னால் நிற்கிறது: குமரி மாவட்டத்துப் பூங்கனி தலைமைப் புலவராக அமர்ந்து வில்லடித்தவர். தமிழ் ராப்பில் பெண் பெரும்பாலும் ஆண் பாட்டின் நடுவே வரும் இராகத் துண்டாகவே நிற்கிறாள்.

கடைசியாக மொழி. ராப்பின் உயிர் சொந்தப் பேச்சு. ஆனால் தமிழ் ராப்பின் பொதுமொழி சென்னைப் பேச்சாகிவிட்டது. நெல்லைப் பேச்சு ‘ஏலே’ என்ற அதட்டலோடு நின்றுபோகிறது. தாமிரபரணிப் படுகையின் மணத்தி கணேசனுடைய கபடி வாழ்க்கையைத் தழுவி 2025இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ படத்தில் ‘றெக்க றெக்க’ பாடலுக்குக் குரல் கொடுத்தவர்கள் அரக்கோணத்து அறிவும் திருச்சூர் ராப் பாடகர் வேடனும். அது குறை ஆகாது; ஆனால் இந்தக் கரையின் பேச்சில் தாளத்துக்கென்றே காத்திருக்கும் வளம் தொடப்படாமல் கிடக்கிறது. சென்னைக்காரர் ‘சொல்றான்’ என்பதை நெல்லைக்காரர் ‘சொல்லுதான்’ என்கிறார். சீர் வாய்பாட்டில் முன்னது தேமா, பின்னது கூவிளம்; ஒரு குறில் கூடுகிறது, அடி விழும் இடம் மாறுகிறது. பார்க்கிறான் என்பது இங்கே ‘பாக்கான்’, நிற்கிறான் என்பது ‘நிக்கான்’. நடுவில் ஒரு குறில் உதிர்ந்து, வல்லெழுத்து நேராகத் தாளத்தில் வந்து அறைகிறது. கோவில்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ ஒருவர் தன் வீட்டுப் பேச்சிலேயே எழுதத் துணிந்தால், அவருடைய சீர் சென்னையிலிருந்து வரும் எந்தப் பாட்டின் சீரோடும் ஒத்துப்போகாது.